காக்கை உட்கார விழுந்த மூன்று கிலோ

சோற்றை நிறுத்திய ஒருவரிடம் ஐந்தாம் நாள் பேசிப் பாருங்கள். குரலிலேயே ஒரு தெம்பு வந்திருக்கும். "அஞ்சே நாள்ல மூணு கிலோ சார்! எல்லாம் இந்த அரிசி பண்ற வேலை." காலை நடைக்கு வரும் பூங்காவில் ஒருவராவது இதைச் சொல்வார். கல்யாணப் பந்தியில் சோற்றை வேண்டாமென்று கையால் மறித்துவிட்டு, பொரியலை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டே சொல்பவரும் உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. எடைக்கருவியில் மூன்று கிலோ உண்மையாகவே குறைந்திருக்கும். குறைந்தது எது என்பதுதான் கேள்வி.

கணக்கைப் போட்டுவிடலாம். உடல் கொழுப்பில் ஒரு கிலோ கழிய வேண்டுமானால் சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை விழ வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,000 கலோரிக்கு மேல். உட்கார்ந்து வேலை பார்க்கும் நடுத்தர உடல்வாகுக்காரர் ஒரு நாளில் செலவழிப்பதே 2,000 கலோரியை ஒட்டித்தான். ஐந்து நாளும் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தாலும் 10,000 கலோரிதான் கழியும். அது கொழுப்பில் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவே. நம் நண்பரோ பட்டினி கிடக்கவில்லை. முட்டையும் பனீரும் கோழியும் சாப்பிட்டிருக்கிறார். கணக்கு உதைக்கிறது.

போனதில் பெரும்பங்கு தண்ணீர். நாம் தின்னும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் கையிருப்பாக வைத்துக்கொள்கிறது: கல்லீரலில் 100 கிராம் போல, தசைகளில் 400 கிராம் போல. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து வரவு நின்றால் இந்தக் கையிருப்பு ஓரிரு நாளில் கரையத் தொடங்கும். பிடித்து வைத்திருந்த தண்ணீரும் சிறுநீராகப் போகும். கூடவே இன்சுலின் அளவு இறங்குவதால் சிறுநீரகம் உப்பை வெளியே விடும், உப்போடு இன்னும் கொஞ்சம் தண்ணீர். தட்டு நிறையச் சோறு போகாததால் குடலில் தங்கும் எடையும் குறைவு. எல்லாம் சேர்ந்து இரண்டு, மூன்று கிலோ ஆகிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரியாணி சாப்பிட்டால் போதும், திங்களன்று அதில் பாதி திரும்பியிருக்கும். "பாத்தீங்களா, அரிசி எப்படி ஏத்துதுன்னு!" இறங்கியதற்கும் அரிசியைக் கைகாட்டினார், ஏறியதற்கும் அதையே காட்டுகிறார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. எடைக்குறைப்பு பற்றிய நம்பிக்கைகளில் முக்கால்வாசி இந்தக் காக்கையின் தயவில்தான் உயிரோடு இருக்கின்றன. சுத்தமாகப் பலிக்காத ஒரு நம்பிக்கை ஒரு மாதத்தில் செத்துவிடும். பலிப்பதுபோல் தோன்றுவதுதான் தலைமுறை தாண்டும். அப்படித் தோன்ற வைப்பவர்கள் இரண்டு பேர். கொழுப்பையும் தண்ணீரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத எடைக்கருவி ஒன்று. தின்றதைக் கணக்கில் வைக்காத நம் ஞாபகம் மற்றொன்று.

அரிசிக்கே ஒரு வரலாறு இருக்கிறது. நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்த வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், 1939 வாக்கில் ரத்தக்கொதிப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் ஒரு சிகிச்சையைத் தொடங்கினார். மருந்து: வெள்ளைச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. பிறகு அதையே கலோரி குறைத்து உடல் பருமனுக்கும் கொடுத்தார். தலா 45 கிலோவுக்கு மேல் இளைத்த 106 பேரின் விவரங்களை 1975இல் அவர் குழு வெளியிட்டது. சராசரி இழப்பு 64 கிலோவை ஒட்டி இருந்தது. இன்றைய டயட் ஆலோசகர் யாரிடமாவது இந்தப் பட்டியலை நீட்டினால் மயங்கி விழுவார். கெம்ப்னரின் உணவை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. உப்புச்சப்பில்லாத, மருத்துவர்களின் கண்காணிப்பில் கொடுத்த உணவு அது. ஆனால் வெள்ளைச் சோற்றையே தின்று அத்தனை பேர் இளைத்தார்கள் என்றால், அரிசியில் பருமனாக்கும் மாயம் எதுவும் ஒளிந்திருக்க முடியாது.

இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்ற தமிழ்நாட்டு வழக்கத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 100 கிராம் அரிசியில் 350 கலோரி என்றால் 100 கிராம் கோதுமை மாவில் 340 கலோரி இருக்கும். தினையும் சாமையும் வரகும் இதே வட்டாரத்தில்தான் நிற்கின்றன. அப்படியும் சப்பாத்திக்கு மாறியவர்களில் சிலர் இளைக்கிறார்களே என்றால், சப்பாத்தியை எண்ணித் தின்கிறோம். இரண்டு, மிஞ்சினால் மூன்று. சோற்றை எண்ணியவர் எவருமில்லை. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு "கொஞ்சம்". வேலை செய்தது எண்ணிக்கை, பெயர் வாங்கியது கோதுமை. (சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒருவேளைச் சோற்றின் அளவு வேறு காரணத்துக்காக முக்கியம். அது ரத்தச் சர்க்கரையின் கதை.)

மாவுச்சத்தா கொழுப்பா என்ற பெரிய சண்டையை ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டோபர் கார்ட்னர் ஓராண்டுச் சோதனையாகவே நடத்திப் பார்த்தார். 609 பேர், இரண்டு குழு. ஒரு குழு கொழுப்பைக் குறைத்தது, மற்றது மாவுச்சத்தைக் குறைத்தது. இரண்டு குழுவுக்கும் சொன்ன பொது அறிவுரை ஒன்றே: காய்கறி நிறைய, சர்க்கரையும் மைதாவும் குறைய. 2018இல் வந்த முடிவு: கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. புள்ளியியல் கண்ணுக்கு இது வித்தியாசமே இல்லை. குழுக்களுக்கு நடுவே இல்லாத வித்தியாசம் குழுவுக்குள்ளே மலைபோல் இருந்தது. ஒரே உணவுமுறையில் 25 கிலோவுக்கு மேல் இளைத்தவரும் இருந்தார், எடை கூடியவரும் இருந்தார். பேலியோ உணவுமுறையால் இளைத்த மாமாவும் அதே பேலியோவில் மூன்று மாதம் தவித்துக் கைவிட்ட மருமகனும் ஒரே வீட்டில் இருப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

இனி அடுப்படிக்கு வருவோம். நம் ஊரில் எடைக்குறைப்பு என்றதும் முதலில் வரும் சொலவடை "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு." எள்ளில் பாதி எண்ணெய் என்பதால் முதல் பாதி சரிதான். கொள்ளு அருமையான பருப்பு. நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம், நல்ல நார்ச்சத்து, கொள்ளு ரசத்துக்கு ஈடு வேறில்லை. கொழுப்பைக் கரைக்கும் சரக்கு மட்டும் அதில் கிடையாது. காலமெல்லாம் கொள்ளைத் தின்ற குதிரை வண்டி இழுத்ததால் இளைத்திருக்கலாம், கொள்ளால் இளைத்ததாகத் தகவல் இல்லை. தினமும் இரவில் கொள்ளுச் சுண்டல் மட்டும் தின்று ஒருவர் இளைத்தால் அவர் தின்னாமல் விட்ட ஐந்து தோசைக்கும் அதில் பங்கு உண்டு.

வெந்நீர், எலுமிச்சை, தேன் கூட்டணியும் அப்படியே. வெந்நீருக்கும் எலுமிச்சைக்கும் குற்றமில்லை. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரி இருக்கிறது. அதை இளைப்பதற்காகக் குடிக்கிறோம் என்பதுதான் வேடிக்கை. வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறியவர்கள், ருசிக்காக மாறியிருந்தால் நல்ல முடிவு. எடைக்காக என்றால், கிராமுக்கு 4 கலோரியை ஒட்டித்தான் எல்லாமே. உடலின் நச்சை நீக்கும் பானங்களைப் பற்றி நான் இடம் ஒதுக்கப்போவதில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கின்றன.

எண்ணெய்க்குக் கொஞ்சம் நின்று போக வேண்டும். செக்கு எண்ணெய் உடம்பில் ஒட்டாது, ரீஃபைண்டு எண்ணெய்தான் பருமனாக்கும் என்கிறார்கள். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் எடுத்தாலும் ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. தோசைக்கல்லின் பக்கத்தில் நின்று பாருங்கள்: மாவை ஊற்றி இழுத்தபின் சுற்றிலும் ஒரு கரண்டி எண்ணெய், முறுகலுக்காக நடுவில் ஒரு சொட்டு, திருப்பியபின் மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சம். மூன்றும் சேர்ந்து ஒரு மேசைக்கரண்டி ஆனால் 120 கலோரி. தோசை மாவின் கலோரிக்கு அது சளைத்ததில்லை. தட்டில் வந்து விழும்போது எண்ணெய் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆகவே யார் கணக்கிலும் ஏறுவதில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் வாங்கினால் தலைக்கு ஒரு நாளைக்கு 270 கலோரிக்கு மேல் வருகிறது. உங்கள் வீட்டுக் கணக்கை மளிகைச் சீட்டைப் பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். 'அரிசியை விட்டும் இறங்கல' என்று வருந்தும் வீடுகளில் நான் முதலில் எண்ணெய்க் கேனின் அளவைத்தான் கேட்பேன்.

கரையும் கொழுப்பு எங்கே போகிறது? ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் இதை மருத்துவர்கள், உணவியல் வல்லுநர்கள், உடற்பயிற்சியாளர்களிடம் கேட்டபோது பெரும்பாலானோர் "ஆற்றலாக மாறிவிடுகிறது" என்றார்கள். பொருள் அப்படியெல்லாம் மாயமாகாது. 2014இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி 10 கிலோ கொழுப்பு கழிய உடல் 29 கிலோ ஆக்சிஜனை உள்ளிழுக்க வேண்டும். வெளியே வருவது 28 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 11 கிலோ தண்ணீரும். கழிந்த கொழுப்பின் அணுக்களை மட்டும் பின்தொடர்ந்தால் 8.4 கிலோ மூச்சுக்காற்றில் போகிறது, 1.6 கிலோ தண்ணீராக. அதற்காக வேகவேகமாக மூச்சுவிட்டால் இளைக்காது, தலைதான் சுற்றும். உடல் எரித்த அளவுக்கே கார்பன் வெளியேறும்.

இது தெரிந்தால் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு ஓடுவதும், வயிற்றில் வியர்வைப் பட்டை கட்டுவதும் என்ன செய்கின்றன என்பது புரிந்துவிடும். வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். இடத்தைக் குறிவைத்துக் கொழுப்பைக் கரைக்கும் ஆசைக்கும் 1971இலேயே ஒரு அமெரிக்க ஆய்வு பதில் சொல்லிவிட்டது. ஆண்டுக்கணக்கில் டென்னிஸ் ஆடியவர்களின் ஆடும் கை மற்றக் கையைவிடப் பருத்திருந்தது, தசையால். தோலுக்கடியிலிருந்த கொழுப்பின் தடிமன் இரண்டு கையிலும் ஒன்றே. தொப்பையைக் குறைக்க ஆயிரம் முறை எழுந்து படுத்தாலும், கொழுப்பை எந்த இடத்திலிருந்து எடுப்பது என்று உடல் நம்மிடம் கேட்பதில்லை.

"எனக்கு மெட்டபாலிசம் ஸ்லோ டாக்டர். நாலு இட்லிக்கு மேல சாப்பிடறதே இல்ல, அப்படியும் ஏறுது." மருத்துவர்கள் தினமும் கேட்கும் வாக்கியம். இதைச் சோதிக்க ஒரு கருவி உண்டு, அது ஒரு டம்ளர் தண்ணீர். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நேதன் லிஃப்சன் 1950களில் எலிகளை வைத்து உருவாக்கிய முறை. தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் ஒரு பங்கை அவற்றின் கனமான வகைகளாக மாற்றி, அதைக் குடிக்கக் கொடுப்பார்கள். கனமான ஹைட்ரஜன் தண்ணீராக மட்டுமே உடலைவிட்டு வெளியேறும். கனமான ஆக்சிஜன் தண்ணீராகவும் போகும், கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சேகரித்து இரண்டும் குறையும் வேகத்தை ஒப்பிட்டால், எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியேறியது என்று தெரியும். அதிலிருந்து அந்த ஆள் எவ்வளவு ஆற்றல் செலவழித்தார் என்பதும். அவர் வீட்டில் இருக்கலாம், வேலைக்குப் போகலாம், எதையும் எழுதி வைக்க வேண்டியதில்லை.

நியூயார்க்கில் இந்த முறையைக் கொண்டு, 1,200 கலோரிக்குக் கீழே தின்றும் இளைக்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரைச் சோதித்தார்கள். 1992இல் முடிவு வந்தது. அவர்கள் உடலின் ஆற்றல் செலவு அவரவர் உடல்வாகுக்கு எதிர்பார்த்த அளவிலேயே இருந்தது, மந்தம் எதுவுமில்லை. தின்றதாக அவர்கள் எழுதிவைத்தது சராசரியாக நாளொன்றுக்கு 1,000 கலோரி சொச்சம், உண்மையில் தின்றது 2,000 கலோரி சொச்சம். உடல் உழைப்பைப் பாதிக்குப் பாதி கூட்டிச் சொல்லியிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரையும் புளுகர் என்று முடிவுகட்ட வேண்டாம். அவர்கள் மனமறிந்து ஏமாற்றவில்லை. பிள்ளை மிச்சம் வைத்த அரை வடை, ருசி பார்த்த பாயசம், நாலு முறை காப்பிக்குப் போட்ட சர்க்கரை, இதெல்லாம் சாப்பாடு என்ற தலைப்பின்கீழ் மூளையில் பதிவதே இல்லை. தராசில் நிறுக்காமல் நினைவிலிருந்து எழுதினால் என் கணக்கும் உங்கள் கணக்கும் இதே பக்கம்தான் சாயும்.

நாற்பது வயதானால் எரிக்கும் வேகம் குறைந்துவிடும் என்பதற்கும் அதே தண்ணீர் பதில் சொல்லியது. பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை, 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளை ஹெர்மன் பான்ட்சர் உள்ளிட்ட பெரிய குழு 2021இல் தொகுத்தது. உடல் அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 20 முதல் 60 வயதுவரை செலவு ஏறக்குறைய ஒரே நிலை. அறுபதுக்குப் பின்தான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் போல இறங்குகிறது. நாற்பதில் மாறியது பதவி உயர்வு, நாற்காலி, தூக்கம், விருந்து. பழி போவது மெட்டபாலிசத்துக்கு.

காலை உணவைத் தவிர்த்தால் குண்டாவோம் என்பதைப் பற்றிச் சுருக்கமாக: 13 சோதனைகளை மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் 2019இல் சேர்த்துப் பார்த்தபோது, காலையில் சாப்பிட்டவர்கள் நாளொன்றுக்கு 260 கலோரி கூடுதலாகத் தின்றிருந்தார்கள், எடையும் அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கூடியிருந்தது. சோதனைகளின் தரம் சுமார்தான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆகவே பசித்தால் சாப்பிடுங்கள், பசிக்காவிட்டால் எடைக்குப் பயந்து திணிக்க வேண்டாம். இது பெரியவர்களுக்கு. 2022இல் தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பிள்ளைகளின் பசியைப் பற்றியது, அதை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வேளையையும் விடக் கூடாது.

குறைவாகத் தின்றால் உடம்பு பயந்து கொழுப்பைப் பூட்டிக்கொள்ளும், அதனால் எடை கூடும் என்பது படித்தவர்களிடம் புழங்கும் நம்பிக்கை. இதில் கால்பங்கு உண்மை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், மினசோட்டா பல்கலைக்கழக விளையாட்டரங்கத்தின் அடியில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறுமாத காலம் அரைப்பட்டினி போட்டார். போருக்குப் போக மறுத்து இதற்குத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். உடலின் செலவு கணிசமாக இறங்கியது. அது அந்தக் கால்பங்கு. எடையோ கால்வாசி குறைந்தது. ஒருவருக்கும் கூடவில்லை. சமையல் புத்தகங்களைச் சேகரிப்பதும், கனவில் சாப்பிடுவதும், தட்டை நக்குவதுமாக அவர்கள் நாட்கள் போயின. பூட்டு போட்டது கொழுப்பில் அல்ல, மூளையில்: சோறு தவிர வேறு நினைப்பில்லாமல்.

அந்த நினைப்புத்தான் இந்தத் துறையில் இன்று முக்கியமான விஷயம். நாள்தோறும் 500 கலோரி குறைத்தால் வாரம் ஒரு பவுண்டு, அதாவது அரைக்கிலோவுக்குச் சற்றுக் கீழே, இளைக்கும் என்ற சூத்திரம் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1958இல் போட்ட கணக்கிலிருந்து வருவது. கொழுப்பின் ஆற்றலைப் பற்றி அவர் சொன்னது சரி. அதை ஆண்டுக்கணக்கில் நீட்டியதுதான் பிசகு. தினம் 240 கலோரி குறைத்தால் மூன்றாண்டில் 34 கிலோ என்று வரும். ஒல்லியானவர் பத்தாண்டில் காற்றில் கரைந்துவிட வேண்டும். உடல் இளைக்க இளைக்க அதன் செலவும் இறங்கும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 2011இல் இதைத் திருத்தினார். தினம் 240 கலோரி குறைப்பு நிலைத்தால் மொத்தத்தில் 10 கிலோ இறங்கும். முதல் 5 கிலோ ஓராண்டில், மீதியில் பெரும்பகுதி அடுத்த இரண்டாண்டில்.

ஆனால் நடைமுறையில் ஆறு, எட்டு மாதத்திலேயே எடை நின்றுவிடுகிறதே? "உடம்பு பழகிடுச்சு" என்கிறோம். ஹாலின் குழு இதையும் அளந்தது. ஒரு கிலோ இளைத்தால் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ அதே ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 கலோரி கூடுகிறது. ஐந்து கிலோ இளைத்தவர் தினம் 500 கலோரிக்கான கூடுதல் பசியோடு சாப்பாட்டு மேசையில் உட்காருகிறார், தனக்கே தெரியாமல். முதல் மாதம் பாதியில் எழுந்தவர் ஆறாம் மாதம் முக்கால் தட்டு தாண்டுகிறார். டயட் மட்டும் அதே டயட் என்றுதான் நம்புகிறார்.

பசியை எது கூட்டுகிறது என்பதிலும் ஹாலிடம் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 20 பேரை ஒரு மாதம் மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவும் இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் கொடுத்தார். மேசையில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமம். எவ்வளவு தின்பது என்பது அவரவர் இஷ்டம். ஆலை உணவில் அவர்கள் தினமும் 500 கலோரி கூடுதலாகத் தின்று 0.9 கிலோ கூடினார்கள். எளிய உணவில் 0.9 கிலோ குறைந்தார்கள். இளைக்கவென்று வாங்கும் 'டயட்' மிக்சருக்கும் மல்டிகிரெய்ன் பிஸ்கட்டுக்கும் இந்தச் சோதனையில் சேதி இருக்கிறது. நாம் ஒதுக்கிய உருளைக்கிழங்குக்கும் ஒரு நற்செய்தி உண்டு. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து எது வயிற்றை அதிக நேரம் நிறைவாக வைக்கிறது என்று பார்த்தபோது, அவித்த உருளைக்கிழங்குதான் முதலிடம் பிடித்தது. அவித்தது என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த மவுன்ஜாரோ, வெகோவி என்ற எடைக்குறைப்பு ஊசிகள் பலிப்பதும் இதே இடத்தில் கைவைப்பதால்தான். கொழுப்பை எரிப்பது அவற்றின் வேலை கிடையாது. குடலிலும் மூளையிலும் பசியின் சத்தத்தைக் குறைக்கின்றன. வெகோவியில் உள்ள செமாகுளூட்டைடை 68 வாரம் போட்டவர்கள் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் இளைத்தார்கள். ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது.